சுவர்ப் பக்கம்

"நேரா இருக்கு, நேரா இருக்குன்னு எத்தனை தடவை சொல்லுவீங்க அண்ணி. நேரா இருக்கிற வண்டி நேராத்தானே போகணும்?"

"நிக்கிறப்ப நேரா இருக்கு சிட்டு. என்னால அதைத்தான் சொல்ல முடியும்."

"அப்ப நாளைக்கு நின்ன இடத்துலயே நின்னு ஜெயிச்சுட்டு வந்துடவா?"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக் கொட்டகையில் நின்ற காரின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்த நூலிலிருந்து முன்சக்கரத்தின் இரண்டு ஓரங்களும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று இரும்பு ஸ்கேலை வைத்து மறுபடி பார்த்தாள். காலையிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நூலும் சக்கரமும் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு இடித்தது.

அவள் ஒரு டயர் கடையில் சக்கரங்களை நேர் செய்கிற வீல் அலைன்மென்ட் வேலை பார்ப்பவள். கடையில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் நாத்தனார் வாய் ஓயாமல் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கட்டின புருஷனே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க அசடு வழிந்துகொண்டு திரிந்திருக்கிறான். அவன் வெல்டர். காரின் வால்பக்கம் குந்தியிருந்தான். காலையிலிருந்து பெண்டாட்டியிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

"சிட்டு, உங்க அண்ணிகிட்ட கேளு. இன்னும் எவ்வளவு நேரம் நூல் விட்டுட்டு இருப்பாளாம்?"

"அண்ணா கேக்குறாரு."

"காது கேக்குது. முடிஞ்சப்ப முடியும்னு சொல்லு."

"முடிஞ்சப்ப முடியுமாம். இதுக்கு நடுவுல எனக்கு என்ன சம்பளம்னு யாராவது சொல்லுங்க."

சிட்டுவால் இதற்கும் சிரிக்க முடிந்தது. கழுத்தைச் சுற்றித் தடித்த பட்டை. தலையைத் திருப்ப முடியாது. யாரைப் பார்ப்பதென்றாலும் ராணி மாதிரி உடம்போடு திரும்ப வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து தன் ஹெல்மெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் எதுவுமில்லை.

கார் சிட்டுவைவிட வயதில் மூத்தது. ஒரு காலத்தில் யாரோ ஒரு குடும்பத்தைக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போன நாலு கதவு வண்டி. வெல்டர் அதில் இரண்டு கதவுகளை அடைத்துப் பற்றவைத்தான். ஒரே ஒரு சீட்டை விட்டு மீதியைப் பிடுங்கி எறிந்தான். உள்ளே குழாய்களால் ஒரு கூண்டு கட்டினான். பழைய என்ஜின் இருந்த இடத்தில் அதைப்போல மூன்று மடங்கு கனமான ஒன்றை இறக்கினான். புது என்ஜினுக்குப் பழைய ஸ்டியரிங் வழிவிடவில்லை. அதைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன வேனின் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து குறுக்கே பொருத்தினான். மாற்றான் வீட்டு ஸ்டியரிங், இந்த வீட்டுச் சக்கரம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது அண்ணியின் வேலை.

ஓட்டம் என்னவோ ஒரு நேர்கோடுதான். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். பெருமூச்சு ஒன்று விட்டு முடிப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் பாய்கிற அந்தக் கணத்தில் காரின் மூக்கு மேலே தூக்கும். முன்சக்கரங்கள் தரையை விட்டே எழும்பும். திரும்ப வந்து தரையைத் தொடும்போது அவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு. வேறெங்காவது பார்த்துக்கொண்டிருந்தால் கார் அவை பார்த்த பக்கம் போய்விடும்.

மூன்று நாளைக்கு முன் நடந்த ஓட்டத்தில் போய்விட்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் கார், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதைப் போல, வெடுக்கென்று ஒரு பக்கம் திரும்பிச் சுவரில் உரசி நின்றது. சிட்டுவின் கழுத்து பிசகியது. ஓட்டப் பாதையின் பொறுப்பாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து, பழத்தையும் வைத்து, தீர்ப்பையும் சொல்லிவிட்டுப் போனார். நாளை மதியம் ஒரே ஒரு சோதனை ஓட்டம். கார் தன் பாதைக் கோட்டைத் தாண்டினால், காருக்கும் சரி, ஓட்டுகிறவளுக்கும் சரி, அந்த வாசல் இனித் திறக்காது.

சிட்டு சலவைக் கடையில் பிறத்தியார் சட்டைகளை மடிக்கிறவள். அந்தப் பெருமூச்சு நேரத்துக்காகத்தான் அவள் மற்ற நேரமெல்லாம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். வண்டி சரியானாலும் சரி, சரியாகாவிட்டாலும் சரி, நாளைக்கு உட்காருவேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பிறவி. வாடகைக்கு ஓட்ட ஆள் வைப்போம் என்று அண்ணன் சொன்னதற்கு, உன் சாப்பாட்டையும் வாடகைக்கு ஆள் வைத்துச் சாப்பிடு என்றாள்.

ஆகவே அண்ணிக்கு வேறு வழியில்லை. கார் ஏன் திரும்பியது என்பதை இன்றைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இந்தப் பெண், பட்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே காரில் ஏறி உட்காருவாள்.

பேரிங்கை ஆட்டிப் பார்த்தாகிவிட்டது. மூட்டுகளைக் கடப்பாரை வைத்து நெம்பிப் பார்த்தாகிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் போல்டுகள் இறுக்கமாக இருந்தன. சுவரில் உரசியதில் எதுவும் வளையவில்லை. டயர் புதிது. சக்கரத்தைத் திருப்புகிற கம்பியை முறுக்கிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், கடைசியில் அதன் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. காய்ச்சல்காரக் குழந்தை தன் நோயைத் தானே சொல்லிவிடும் என்று காத்திருக்கிற தாயைப் போல இருந்தது அவளுக்கு. இரும்பு ஒன்றும் சொல்லவில்லை.

வால்பக்கம் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. வெல்டர் கேஸ் கட்டரின் குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தான். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தான்.

"என்ன பண்ணப் போறீங்க?"

இப்போது நேராகப் பேசினான். "ஸ்டியரிங்கை வெட்டி எடுத்துட்டு ஒரு விரல் கீழ இறக்கி வைக்கப் போறேன்."

"எதை அளந்து சொல்றீங்க ஒரு விரல்னு?"

"நீ அளந்து என்ன கிழிச்ச? அளந்த வண்டிதானே என் தங்கச்சியைச் சுவத்துல கொண்டுபோய் விட்டுச்சு?"

சிட்டு உடம்போடு திரும்பினாள். "அண்ணா."

"நீ சும்மா இரு. நான் மூணு நாளா வாயை மூடிட்டுத்தான் இருக்கேன். கடைக்கு வர்ற காருக்கெல்லாம் அலைன்மென்ட் பார்ப்பா. வீட்டுக் காருக்கு மட்டும் கண்ணு தெரியாது."

அண்ணி எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. வெட்டினால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். சூட்டில் காரின் அடிச்சட்டம் எந்தப் பக்கம் கோணும் என்று யாராலும் சொல்ல முடியாது. நாளை மதியத்துக்குள் அதை நிமிர்த்தவும் முடியாது. காரணம் தெரியாத கோளாறு ஒன்றுக்கு இரண்டாகும். அவன் கோபத்தில் வெட்டவில்லை என்பதும் தெரியும். பயத்தில் வெட்டுகிறான். அவனுக்கும் கையால் ஏதாவது செய்தாக வேண்டும்.

அவள் எழுந்து போய் முன்சக்கரத்தை மறைத்து, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"வெட்டுறதுன்னா இங்கேர்ந்து ஆரம்பிங்க."

"எழுந்திரு."

"டீ போட்டுக் குடிக்கிற நேரம் குடுங்க. அதுக்கப்புறம் நானே பிடிச்சுக்கிறேன், நீங்க வெட்டுங்க."

"யாரு போடுறது டீயை?" என்றாள் சிட்டு.

யாரும் போடவில்லை. ஆனால் வெல்டர் கட்டரைக் கீழே வைத்தான்.

அண்ணி நாத்தனாரின் எதிரில் போய்க் குந்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லு. மூக்கு தூக்குச்சு. அப்புறம்?"

"நீங்களும் போலீஸ்காரங்க மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கீங்க. தூக்குச்சு. வானம் தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு. அப்புறம் இறங்குச்சு. சக்கரம் தொட்ட உடனே கை ரெண்டையும் இழுத்துட்டுப் போச்சு. சுவர்ப் பக்கம்."

"சுவர்ப் பக்கம்" என்று அண்ணி தனக்குள் சொல்லிக்கொண்டு, திரும்பி, கொட்டகையின் சுவரை ஒட்டி நின்ற சக்கரத்தைப் பார்த்தாள். "அப்ப இந்தப் பக்கம்."

"அது இல்ல அண்ணி. அந்தப் பக்கம்."

"சுவர்ப் பக்கம்னு சொன்னியே."

"ஓட்டப் பாதையோட சுவர். நம்ம வீட்டுச் சுவரைக் கூடவே தூக்கிட்டா போறேன்?"

கொட்டகைச் சுவரை அண்ணி இன்னொரு முறை பார்த்தாள்.

இது புரிய வேண்டுமென்றால் அந்த வீட்டு ஒப்பந்தம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் இந்தக் கொட்டகையில் சேர்ந்து செய்த முதல் வேலையிலேயே சண்டை வந்தது. அவன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காருக்கு எதிரே நின்று வேலை பார்க்கிறவன். அவனுடைய இடது, உள்ளே உட்கார்ந்து பார்க்கிற அவளுடைய வலது. இடது என்று இவள் கேட்டால் அவன் வலதைக் கழற்றுவான். எதிரில் நிற்கிற ஆளுக்கு எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும் என்று இவள் சொல்ல, அது காரைப் பற்றியா தன்னைப் பற்றியா என்று அவன் ஒரு வாரம் யோசித்தான். கடைசியில் இவள்தான் வழி கண்டுபிடித்தாள். கார் நிற்பது ஒரே இடம். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ரோடு. இனி இடதும் கிடையாது, வலதும் கிடையாது. சுவர்ப் பக்கம், ரோட்டுப் பக்கம். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சண்டை வந்ததில்லை. சிட்டுவுக்குக்கூட அதுவே பழகிவிட்டது. படுக்கையில் தலையணையைத் தள்ளிப் போடச் சொல்வதற்கும் சுவர்ப் பக்கம்தான்.

அண்ணி மெதுவாக எழுந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். மூக்கு வாசலைப் பார்த்தபடி இருந்தது. ரோட்டுப் பக்கம் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"ஏங்க" என்றாள். "வண்டி உள்ள பார்த்து நின்னுச்சே. எப்ப திருப்புனீங்க?"

"ஓட்டத்துக்கு முந்தியே, பின் அச்சுக்குப் பத்தவைக்கணும்னு திருப்புனேன். மிஷின் வயர் வாசல் வரைக்கும் எட்டல. அப்புறமும் அப்படியேதான் நிறுத்துறேன். ஏன்?"

"நான் வாஷருக்கு அளந்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வெல்டர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றினான். "முன்னாடி" என்றான். அண்ணி பின்சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். அந்தச் சக்கரத்தின் அடியிலிருந்து ஒரு சாக்பீஸ் கோடு வெளியே வந்து, தரையில் கொஞ்சம் ஓடி நின்றது. முன்சக்கரத்துக்காக அவள் போட்ட கோடு. அன்றைக்கு இந்த இடத்தில்தான் முன்சக்கரம் நின்றது. கொட்டகையின் உள்மூலைக் குழாயிலிருந்து தண்ணீர் அவள் முதுகில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

இந்த வண்டியின் அடிச்சட்டம் பழைய விபத்து ஒன்றில் லேசாகக் கோணியது. அதனால் மாற்றி வைத்த ஸ்டியரிங் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தாழ்வு. மூக்கு தூக்கும்போது சக்கரங்கள் திரும்பாமலிருக்க, கம்பியின் நுனியில் ஒரு பக்கம் தடித்த வாஷரும் மறு பக்கம் மெல்லிய வாஷரும் வைக்க வேண்டும் என்று அன்று அளந்து கண்டுபிடித்திருந்தாள். மறுநாள் அவள் கடைக்குப் போன நேரத்தில் அவன் காரை வெளியே தள்ளி, திருப்பி, வால் உள்ளே வரும்படி நிறுத்திப் பற்றவைத்தான். சாயங்காலம் அவள் சமையலறையில் நின்றபோது ஜன்னல் வழியாகக் கேட்டான்: சுவர்ப் பக்கம் எது? அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: தடிச்சது.

கார் திரும்பிவிட்டது. சொல் திரும்பவில்லை.

"இடம் மாறிப் போச்சு" என்றாள். "தடிச்சது இருக்க வேண்டிய இடத்துல மெல்லிசு இருக்கு. மெல்லிசு இருக்க வேண்டிய இடத்துல தடிச்சது. மூக்கு தூக்குறப்ப ஒரு சக்கரம் உள்ள பார்க்கும், இன்னொண்ணு வெளிய பார்க்கும். ரெண்டும் சேர்ந்து ஒரே பக்கம் திரும்பும்."

"ஆனா நீ அப்புறம் பார்த்தியே? நேரா இருக்குன்னு சொன்னியே?"

"நின்னப்ப பார்த்தேன். நிக்கிறப்ப நேராத்தான் இருக்கும். நான்தானே கம்பியை முறுக்கி நேர் பண்ணேன். தூக்கிப் பார்க்கல. தூக்கிப் பார்த்தது ஏற்கனவே முடிஞ்ச வேலைன்னு நினைச்சேன்."

வெல்டர் சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தான். "நான்தான் திருப்புனேன்" என்றான்.

"சொன்னது நான்."

"போட்டது நான்."

"ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போட்டுக்கிட்டு இதைப் பங்கு பிரிச்சுக்குங்க" என்றாள் சிட்டு. அவள் கையிலிருந்த துணி ஹெல்மெட்டின் மேல் நின்றுவிட்டிருந்தது. "இப்ப மாத்துங்க."

மாற்றினார்கள். சக்கரம் தடையில்லாமல் ஏறி இறங்க முன் ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்தார்கள். கம்பியின் நுனிகளைத் தட்டிப் பிரித்து வாஷர்களை இடம் மாற்றினார்கள். வெல்டரின் கை ஸ்பேனரில் இரண்டு முறை வழுக்கி விரல் தோல் உரிந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அண்ணி அவனை நிறுத்தினாள்.

"இது எந்தப் பக்கம்?"

"சுவர்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சுவரும் வேண்டாம், ரோடும் வேண்டாம். சிட்டு, உள்ள ஏறி உட்காரு. ஸ்டியரிங்கைப் பிடி. இது அவ வலது கை. அது அவ இடது கை. வேற பேரு கிடையாது."

"கையை வேணா வெளிய நீட்டட்டுமா?"

"நீட்டு."

சிட்டு கூண்டுக் குழாய்களின் ஊடாக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பறக்கப் போகிறவளைப் போல இருந்தது. வெல்டர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டுத்தான் போல்டை முடுக்கினான்.

பிறகு அளந்தார்கள். சக்கரத்தின் மேல் நீளப் பலகை ஒன்றைச் சாய்த்துக் கட்டி, பக்கத்தில் நூலை இழுத்துவிட்டு, வெல்டர் ஜாக்கியை மிதிக்க மிதிக்க, அண்ணி பலகையின் இரண்டு நுனிகளையும் பார்த்தாள். சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பலகை நூலோடு இணைபிரியாமல் கூடவே வந்தது. மறுபடி. அடுத்த பக்கம். மறுபடி. பலகை அசையவில்லை.

"சரியா?" என்றான் வெல்டர்.

"சரி."

"சரின்னா சரியா?"

"சரிங்க."

அவன் ஸ்பிரிங்குகளைத் திரும்பப் பூட்டி, ஜாக்கியை இறக்கிவிட்டு, தங்கையின் தலையை ஹெல்மெட் இருக்கிற ஞாபகத்தில் ஓங்கித் தட்டப் போய், கழுத்துப் பட்டையைப் பார்த்துக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பிறகு கேஸ் கட்டரின் குழாயைச் சுருட்டத் தொடங்கினான். சுருட்டி முடித்ததும் டீ போடுவதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான். அடுப்பு எந்தப் பக்கம் என்றாவது தெரியுமா என்று சிட்டு பின்னாலிருந்து கத்தினாள். உள்ளேயிருந்து அவன் சிரிக்கும் சத்தம் வந்தது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

அண்ணி மட்டும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். நிம்மதி வர வேண்டிய இடத்தில் வரவில்லை. காலையிலிருந்து அவளை அரித்த பயம் வேறு ஒன்றாகி இன்னும் கீழே இறங்கியிருந்தது. காலையில் அவளுக்கு எது தவறென்று தெரியவில்லை. ஆனால் எதை நம்பலாமென்று தெரிந்திருந்தது. நூலை நம்பலாம், ஸ்கேலை நம்பலாம், தன் கண்ணை நம்பலாம், வீட்டில் பேசுகிற பேச்சை நம்பலாம். இப்போது அந்தப் பேச்சே ஒருத்தியின் கழுத்தை முறித்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. இன்னும் எத்தனை சொற்கள் இந்த வீட்டில் திரும்பிப் பார்க்காமல் சொல்லப்பட்டு, அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றனவோ. இறுக்கியாச்சு என்றால் யார் இறுக்கியது. பார்த்தாச்சு என்றால் எதைப் பார்த்தது. ஒவ்வொரு போல்டாகத் திரும்பவும் அவிழ்த்துப் பார்க்கலாம். நாளை மதியம் காத்திருக்காது.

அவள் எழுந்து காரின் பக்கத்தில் போய் நின்றாள். சிட்டு இன்னும் இறங்கவில்லை. சீட்டின் வார்களைத் தோளில் இழுத்துப் போட்டு, கொக்கி விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில்லாத ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் முகத்தில் ஒரு பக்கம்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் சந்தோஷமாக இருந்தது.

"இப்ப நம்பிக்கை வந்துடுச்சு அண்ணி" என்றாள் முன்னால் பார்த்தபடி. "நாளைக்குப் பாருங்க. கடைசி வரைக்கும் மிதிக்கப் போறேன். மூக்கு போன தடவையைவிட மேல போகும்."

அண்ணி ஜன்னல் விளிம்பில் கையை வைத்தாள். பாதி மிதித்தால் மூக்கு தூக்காது, கார் சாதுவாகக் கோட்டுக்குள்ளேயே போய்ச் சேரும், பொறுப்பாளர் தலையாட்டிவிடுவார். ஆனால் அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரிந்துவிடும், சிட்டு பயந்துவிட்டாள் என்று. சிட்டுவுக்கு அதைவிட மோசமான ஒன்று தெரிந்துவிடும், அளந்தவளுக்கே தன் அளவில் நம்பிக்கை இல்லை என்று. இதைக் கேட்கத் தனக்கு என்ன உரிமை என்று அண்ணி தன்னையே கேட்டுக்கொண்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவன் வந்துவிட்டால் கேட்க முடியாது.

"சிட்டு" என்றாள். அவள் உடம்போடு திரும்ப முடியாதபடி வார் பிடித்திருந்தது. அது நல்லதாகப் போயிற்று. "உங்க அண்ணன்கிட்ட சொல்லாத. நாளைக்கு ஒரு தடவை மட்டும், விளக்கு எரிஞ்சதும், பாதி மிதி. பாதி போதும். எனக்காக மிதிப்பியா?"